வெள்ளமும் வெல்லமும்: காதால் திருத்தும் தமிழ்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயல் மூழ்கிவிட்டால், நன்னிலம் பக்கத்தில் நிவாரண மனு எழுதாத தெரு இருக்காது. பார்வை இல்லாத எனக்குக் கைபேசிதான் தாளும் பேனாவும். அக்கம்பக்கத்தார் விவரம் சொல்லச் சொல்ல அதைத் தொடுதிரையில் எழுதி, உரிய எண்ணுக்கு அனுப்பிக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஒருமுறை பெரியவர் ஒருவருக்காகக் குரல்வழித் தட்டச்சில் எழுதிய மனுவில், ‘வெள்ளம் சூழ்ந்து 3 மா நடவு அழுகிவிட்டது’ என்றிருக்க வேண்டிய வரி, ‘வெல்லம் சூழ்ந்து’ என்று பதிவாகிவிட்டது. (மா என்பது வேலியில் இருபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 33 சென்ட்.) போன் அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டத்தான் செய்தது, நான் வைத்திருந்த வேகத்தில் லகரமும் ளகரமும் ஒன்றாகவே விழுந்தன. பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய பேத்திதான் சிரித்துக் காட்டிக்கொடுத்தாள். “ஏந்தம்பி, வெல்லம் சூழ்ந்தா நல்லதுதானே, நிவாரணம் எதுக்குன்னுல்ல கேப்பாங்க” என்றார் பெரியவர்.

அந்த ஒரு சொல்லைத் திருத்தி முடிக்க எனக்கு ஏழெட்டு நிமிடம் பிடித்தது. கண் உள்ளவர் விரலால் தொட்டு, இரண்டு எழுத்தை அழித்து, இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போகிற வேலை அது. ஏன் இவ்வளவு நேரம் என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுக்குச் சரியாக விடை சொல்ல வேண்டுமானால், தொடுதிரை, தமிழ் எழுத்து, தமிழ் ஒலி ஆகிய மூன்றும் எங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்பதை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

எழுதுவது இன்று எங்களுக்குப் பெரும்பாடு இல்லை. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 ஆகஸ்டில் தமிழ் சேர்ந்தபின், வாயால் சொன்னதை வரியாக்குவது யாருக்கும் எளிதாகிவிட்டது. திருத்துவதுதான் பாடு. பிழை இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வேண்டாததை மட்டும் அழிக்க வேண்டும். வேண்டியதைப் போட்டபின், போட்டது சரிதானா என்று மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு இவை ஐந்தும் ஒரே பார்வையில் நடந்துவிடுகின்றன. காதுக்கு ஐந்தும் தனித்தனி வேலைகள். ஒன்றில் சறுக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிரெய்ல் பலகையில் ஊசியால் குத்தி எழுதிப் பழகியவர்களுக்கு, இடையில் ஒன்றைச் செருகுவது என்ற எண்ணமே புதிது. தாளில் குத்திய புள்ளியை நகத்தால் அழுத்தி மழுக்கலாம். ஆறு புள்ளிகளையும் குத்தி அந்தக் கட்டத்தையே அடித்துவிடலாம். நடுவில் ஒரு சொல்லைச் சேர்க்க இடம் கிடையாது. பின்னர் வந்த பொத்தான் போன்களில் 5 என்ற பொத்தானின் மேல் ஒரு சிறு மேடு இருந்தது. விரல் அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எண்கள் தாமாகக் கைக்கு வந்துவிடும். தொடுதிரை வந்தபோது அந்த மேடும் போயிற்று. வழவழவென்ற கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானம் ஏது என்று பலரும் கைவிட்ட நேரத்தில்தான், 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்-இல், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு 1.6-உடன், அதே வேலையைச் செய்யும் டாக்பேக் வந்தது. ஆனால் ஆண்ட்ராய்டில் விரலைத் திரையில் நகர்த்த நகர்த்த, அதனடியில் உள்ளதைச் சொல்லும் வசதி 2011-இல் வெளியான 4.0 பதிப்பில்தான் சேர்ந்தது. ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால் இயங்கும் என்ற அடிப்படை விதி இரண்டு வகைப் போன்களுக்கும் பொது. திரைவாசிப்பான் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான்.

இந்த விதியிலேயே திருத்தத்தின் முதல் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கண் உள்ளவர் இரண்டு எழுத்துகளின் இடுக்கைத் தொட்டுக் கர்சரை அங்கே வைக்கிறார். திரைவாசிப்பான் இயங்கும்போது திரையைத் தொட்டால், எழுதும் பெட்டி முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, அதில் உள்ள எல்லாவற்றையும் அது வாசிக்கத் தொடங்கிவிடும். இடுக்கு என்று ஒன்று விரலுக்கு அகப்படாது. ஆகவே கர்சரைத் தொட்டு வைக்க முடியாது. படிப்படியாக நடத்திக்கொண்டுதான் போக வேண்டும். அந்த நடையின் அளவை நாமே குறித்துக்கொள்ளலாம். டாக்பேக்கில் ஒரு விரலை மேலே இழுத்த கையோடு கீழே இழுத்தால் எழுத்து, சொல், வரி, பத்தி என்று அளவு மாறும். பிறகு கீழே ஓர் இழுப்பு இழுத்தால் அந்த அளவில் ஓர் அடி முன்னே, மேலே இழுத்தால் ஓர் அடி பின்னே. ஐபோனில் இரண்டு விரல்களைத் திரையில் வைத்துக் குமிழைத் திருகுவதுபோல் திருகினால் இந்த அளவுகள் ஒவ்வொன்றாக வரும். அந்தத் திருகலுக்கு ரோட்டார் என்று பெயர். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒலியளவுப் பொத்தான்களும் கர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துகின்றன. கண்ணாடியில் வழுக்காத அந்த இரண்டு பொத்தான்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

கர்சர் எங்கே நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மனம் விட்டுப்போகிறார்கள். கர்சர் வரப்பு மாதிரி. இரண்டு வயலுக்கும் நடுவே கிடக்கிறது, ஆனால் எந்த வயலிலும் சேர்த்தி இல்லை. திரைவாசிப்பான் சொல்வதோ வயலின் பெயரை; வரப்பை அல்ல. கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை வைத்து அம்புக்குறியால் நகர்ந்தால், கர்சருக்கு அடுத்து நிற்கும் எழுத்து வாசிக்கப்படுகிறது. ஐபோனின் வாய்ஸ்ஓவரில், கர்சர் தாண்டிவந்த எழுத்து வாசிக்கப்படுகிறது. முன்னோக்கிப் போகும்போது ‘ல’ என்று கேட்டால் கர்சர் அந்த லகரத்துக்குப் பின்னே நிற்கிறது. திரும்பி வரும்போது அதே ‘ல’ கேட்டால் அதற்கு முன்னே நிற்கிறது. ஒலி ஒன்றுதான், இடம் வேறு. பள்ளியில் கணினியில் பழகிவிட்டுப் பிறகு போனுக்கு வருகிற பிள்ளைகள், அழிக்க நினைத்த எழுத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்து எழுத்தை அழிப்பது இதனால்தான். எந்தப் பக்கம் நடந்து வந்தோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே நடந்தால் இந்தத் தடுமாற்றம் ஓரிரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

இதுவரை சொன்னது எந்த மொழியில் திருத்துபவருக்கும் பொருந்தும். தமிழில் இதன்மேல் இன்னொரு முடிச்சு விழுகிறது.

நாம் 247 எழுத்து என்று படித்திருக்கிறோம்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. எழுத்துகளைக் கணினியும் போனும் எண்களாக வைத்துக்கொள்ளும் பொது முறையான யூனிகோடு அப்படி எண்ணவில்லை. இந்திய மொழி எழுத்துகளுக்கான 1988-ஆம் ஆண்டின் இஸ்கி குறியேற்றத்தை அடியொற்றி அமைந்த அதன் தமிழ்ப் பகுதியில், உயிரெழுத்துக்கு ஓர் எண், அகரமேறிய மெய்க்கு ஓர் எண், கால், கொம்பு, கொக்கி போன்ற ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்றுதான் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘ம்’ என்பது நமக்கு ஓர் எழுத்து. போனுக்கு மகரமும் புள்ளியுமாக இரண்டு. திருத்துறைப்பூண்டி என்ற ஊர்ப்பெயரை எண்ணிப் பார்த்தால் நமக்கு 9 எழுத்து. போனுக்கு 18 எண். கண்ணால் படிப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாமலே காலம் போய்விடும். காதால் திருத்துபவருக்கு இது தெரியாமல் ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது. ஏனென்றால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு விசைப்பலகைகளில் கர்சர் நம் கணக்கில் நகர்கிறது, அழிப்பான் போனின் கணக்கில் அழிக்கிறது.

வெல்லத்துக்குத் திரும்புகிறேன். வெ, ல், ல, ம் என்று நான்கு எழுத்து. போனின் கணக்கில் வ, கொம்பு, ல, புள்ளி, ல, ம, புள்ளி என்று ஏழு. நடையளவைச் சொல் என்று வைத்து அந்தச் சொல்வரை வந்தேன். பிறகு எழுத்து என்று மாற்றி, ‘வெ’, ‘ல்’, ‘ல’ ஆகியவற்றைத் தாண்டி, மகர மெய்க்கு முன்னால் நின்றேன். மூன்று இழுப்பில் மூன்று எழுத்தைத் தாண்டியாயிற்று. இனி அழிக்க வேண்டியவை ‘ல்ல’ என்ற இரண்டு எழுத்து. இரண்டு முறை அழித்தால் போதும் என்று நம் கணக்கு சொல்லும். முதல் தட்டில் பின்னுள்ள லகரம் போகும். இரண்டாம் தட்டில் முன்னுள்ள ‘ல்’ போகாது, அதன் தலைமேல் உள்ள புள்ளி மட்டும் போகும். மிஞ்சுவது ‘வெலம்’. மூன்றாம் தட்டில்தான் அந்த லகரமும் போய் ‘வெம்’ என்று நிற்கும். கை தவறி நான்காவதாக ஒரு தட்டு விழுந்தால் கொம்பும் போய்விடும். ‘வம்’ என்று கேட்கும். அன்று எனக்கு அதுதான் நடந்தது. போன கொம்பை மட்டும் எப்படித் திரும்ப வைப்பது? கொம்பு வகரத்துக்குப் பின்னே சேர வேண்டும். கண்ணுக்கோ அது வகரத்துக்கு முன்னே தெரியும். இதைத் தலைகீழாக நினைவில் வைத்துக்கொண்டவர்கள், வகரத்தையும் அழித்துவிட்டு முழுச்சொல்லையும் புதிதாக எழுதுவார்கள். நானும் அதையே செய்தேன்.

அழிக்கும்போது போன் என்ன சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அழிந்தது ஓர் எழுத்து என்றால் அதன் பெயரைச் சொல்லும். அழிந்தது வெறும் புள்ளியோ கொம்போ என்றால், தனியே ஒலி இல்லாத அந்தக் குறியைச் சில குரல்கள் சொல்லாமலே விழுங்கிவிடுகின்றன. தட்டு விழுந்ததா, விழவில்லையா என்ற ஐயத்தில் இன்னொரு தட்டுத் தட்டுவோம். நான்காவது தட்டு பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண் தரும் குறியேற்றம் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று கேட்கலாம். அப்படி ஒன்று உண்டு. டேஸ்-16 எனப்படும் அந்தக் குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் கைபேசிகள் யூனிகோடில் இயங்குகின்றன, இனியும் அப்படித்தான் இயங்கும். என் கருத்தில் குறியேற்றத்தை மாற்றக் கேட்பதைவிட, அழிப்பானின் பழக்கத்தை மாற்றக் கேட்பதே நடக்கக்கூடிய காரியம்: எழுத்தெழுத்தாக நகரும் போன், எழுத்தெழுத்தாக அழிக்கவும் ஒரு வழி வைக்கட்டும். குறியை மட்டும் அழிக்க விரும்புகிறவருக்குப் பழைய வழியும் இருக்கட்டும். ‘தி’ என்பதைத் ‘து’ என்று மாற்ற நினைப்பவருக்குக் குறி மட்டும் அழிவதுதான் வசதி. கண் உள்ளவர்கள் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

பிரெய்ல் படித்து வளர்ந்தவருக்கு இதில் இன்னொரு கோணலும் உண்டு. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் கொம்பும் காலும் கிடையா; மெய்யை அடுத்து உயிரெழுத்தையே முழுதாக எழுதிவிடுவோம். மெய்யின் தலைப்புள்ளியைக் குறிக்க, பிரெய்ல் கட்டத்தின் ஆறு புள்ளிகளில் நான்காவதை மட்டும் குத்துவோம்; அது மெய்க்கு முன்னே வரும். ஆகவே வெல்லம் என்ற சொல் விரலடியில் வ, எ, புள்ளி, ல, ல, புள்ளி, ம என்று ஓடும். அங்கும் ஏழு கட்டம், போனிலும் ஏழு எண். ஆனால் அங்கே புள்ளி முன்னே, இங்கே புள்ளி பின்னே. புள்ளி முன்னே என்று பழகிய விரல், போனில் புள்ளியை முதலில் தட்டிவிட்டுப் பிறகு லகரத்தைத் தட்டும். புள்ளி போய் முந்தைய எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். பார்வைக் குறையுள்ளோர் பள்ளியில் படித்துவிட்டு முதல் முறையாகத் தொடுதிரைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், தம் தமிழே பிழையானது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி ஒலி. திருத்தத்தில் என்னை அதிகம் சோதிப்பது இதுதான்.

என் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்கிறேன். நன்னிலம். முதலில் ந, அடுத்து ன், அதை அடுத்து னி. இதை நந்நிலம் என்று எழுதினாலும், நன்நிலம் என்று எழுதினாலும், சொல்லாக வாசிக்கும்போது காதுக்கு ஒன்றுதான். சரி, எழுத்தெழுத்தாகப் போய்க் கேட்கலாம் என்றால், அங்கும் குரல் ‘ந’ என்கிறது, ‘ன்’ என்கிறது. இரண்டுக்கும் ஒலியில் வேறுபாடு இல்லை. குறுவையைக் குருவை என்று எழுதினாலும் போன் தயங்காமல் வாசித்துவிடும். ஆற்றங்கரையைக் கறை என்று எழுதினாலும் அப்படித்தான். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒலியில் வேறானவை. நிதானமாக வாசிக்கச் சொன்னால் பிரிந்து கேட்கும். ஆனால் எங்களில் பலர் குரலின் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கிறோம். அந்த வேகத்தில் வெள்ளமும் வெல்லமும் ஒன்றுதான். திருத்தும்போது மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்வது என்று அன்றைக்குப் பிறகு ஒரு விதி வைத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் பி, டி, இ என்ற எழுத்துகள் ஒலியில் குழம்பும் என்பதால், எழுத்தோடு ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லும் ஏற்பாடு திரைவாசிப்பான்களில் உண்டு: பி என்றால் பிராவோ, டி என்றால் டெல்டா. கர்சர் ஓர் எழுத்தின்மேல் சிறிது நேரம் நின்றாலே அந்தச் சொல் கேட்கும். தமிழுக்கு அப்படி ஒன்றைப் புதிதாக உண்டாக்க வேண்டிய அவசியமே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களே அதைச் செய்து வைத்துவிட்டார்கள். தகரத்துக்கு முன்னே வருவதால் ந தந்நகரம். றகரத்துக்கு முன்னே வருவதால் ன றன்னகரம். டகரத்துக்கு முன்னே வருவதால் ண டண்ணகரம். இடையின ரகரம், வல்லின றகரம், சிறப்பு ழகரம் என்ற பெயர்களும் அப்படியே. இவை எழுத்தின் உருவத்தைச் சொல்லவில்லை. எந்த எழுத்தோடு சேர்ந்து வரும், எந்த இனம் என்று சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டும் கற்கலாம். என் தாயார் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தது இந்தப் பெயர்களால்தான். போன் வெறுமனே ‘ந’ என்று சொல்வதற்குப் பதிலாகத் தந்நகரம் என்று சொல்லிவிட்டால், நன்னிலத்துச் சிக்கல் அந்த நொடியிலேயே தீர்ந்துவிடும்.

இது ஆகாத காரியம் இல்லை. 2006-இல் தொடங்கிய, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவில், எழுத்துக்கு எழுத்து என்ன விளக்கம் சொல்ல வேண்டும் என்பது ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சாதாரண உரைக்கோப்பாக இருக்கிறது. எண்விசைப் பகுதியில் 2-ஐ இருமுறை அழுத்தினால் அந்த விளக்கத்தை வாசிக்கும். ஒரு வரியில் எழுத்து, அதன் எதிரே விளக்கம், அவ்வளவுதான். தமிழ் இலக்கணம் அறிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடக்கூடிய பட்டியல் அது. கைபேசியிலும் இத்தகைய பட்டியல் இயல்பாக இடம்பெற வேண்டும் என்பதே என் வாதம்.

கண்ணுக்கும் ஒரு காலத்தில் இந்தத் திண்டாட்டம் இருந்தது என்பதை இந்த மண்ணில் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளி கிடையாது; ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு கிடையாது; காலும் ரகரமும் ஒரே உருவம். பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1855-இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர், தம் பதிப்பு வேலை முழுவதிலும் மல்லுக்கட்டியது இத்தகைய எழுத்தோடுதான். ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, மற்றவர்கள் தம் கையிலுள்ள ஏட்டோடு ஒப்புநோக்குவது சுவடி பார்ப்போரின் வழக்கம். கண்ணுக்குத் தோன்றாத வேறுபாட்டை அங்கே காதும் பொருளறிவும் பிரித்துக் கொடுத்தன. இங்கே காதுக்குத் தோன்றாத வேறுபாட்டை யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

காதே முந்திக்கொள்ளும் இடங்களும் உண்டு. பௌர்ணமி பூசை பற்றிய கோயில் அறிவிப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் போன் அதைப் ‘பெ, ளர்ணமி’ என்று வாசித்தது. எழுதியவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருக்கிறார். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். அந்தக் குழுவில் இருந்த கண் உள்ளவர்களில் ஒருவருக்கும் அது பிழை என்று தெரியவில்லை. திருமண அழைப்பிதழின் தலையில் பிள்ளையார் சுழிக்குப் பதிலாகத் தமிழ் எண் ௨-ஐப் போட்டுவிடுகிறார்கள். போன் ‘இரண்டு’ என்று சொல்லிவிட்டு முகூர்த்தத்தைத் தொடங்குகிறது. ‘என்று என்று’ என ஒரு சொல் இரட்டித்தாலும், எழுவாய் ஒருமையாகவும் பயனிலை பன்மையாகவும் போனாலும், காதில் உடனே உறுத்தும். இவ்வகைப் பிழைகளை நான் பிடிப்பதுபோல் என் வீட்டில் வேறு யாரும் பிடிப்பதில்லை.

இடைவெளி அப்படியல்ல. ‘வரவேண்டும்’ என்பதும் ‘வர வேண்டும்’ என்பதும் ஒன்றாகவே கேட்கும். இரண்டு இடைவெளி சேர்ந்து விழுந்தாலும் தெரியாது. நிறுத்தக்குறிகளை வாசிக்கச் சொல்லி அமைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் மனு முழுவதும் ‘காற்புள்ளி, முற்றுப்புள்ளி’ என்று ஒலித்துக்கொண்டிருந்தால் பொருள் மனத்தில் நிற்காது. முதலில் குறிகள் இல்லாமல் ஒருமுறை, பிறகு குறிகளோடு ஒருமுறை என்று இரண்டு தடவை கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

வேறு ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு சொற்றொடரை வெட்டி வேறிடத்தில் ஒட்ட வேண்டுமானால், முதலில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனில் ரோட்டாரிலேயே அதற்கு ஒரு நிலை உண்டு. டாக்பேக்கில் பட்டியலைத் திறந்து தேர்வு முறையைத் தொடங்கிவிட்டு, கர்சரை நடத்திக்கொண்டு போனால் தாண்டிய பகுதி தேர்வாகும். கண் உள்ளவருக்கு அந்தப் பகுதி நிறம் மாறித் தெரிந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு அது ஒருமுறை சொல்லப்பட்டு முடிந்துவிடும். இடையில் ஓர் அழைப்பு வந்து, பேசி முடித்துத் திரும்பி, தேர்வு இன்னும் இருப்பதை மறந்து ஓர் எழுத்தைத் தட்டினால், தேர்ந்த பத்தி முழுவதும் போய் அந்த ஓர் எழுத்து நிற்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று மூட்டைகள் திரும்பியது பற்றி எழுதிய ஒரு நீண்ட புகாரை இப்படி நான் இழந்திருக்கிறேன். அன்று முதல், வெட்டுவதே இல்லை; நகல் எடுத்து ஒட்டிவிட்டு, ஒட்டியதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகுதான் பழையதை அழிக்கிறேன்.

விசைப்பலகைகளைப் பற்றிச் சுருக்கமாக. சில தமிழ் விசைப்பலகைகளில், ஒரு மெய்யைத் தட்டியதும் மேல்வரிசையில் இருந்த உயிர்கள் மாறி, கா, கி, கீ என்று அந்த மெய்யின் குடும்பம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்கு இது உதவி. இடத்தை விரலால் மனப்பாடம் செய்தவருக்கு இடம் அதேதான், பெயர் மட்டும் மாறுகிறது என்பது பழகும்வரை குழப்பம். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 அமைப்பில் இடமும் பெயரும் மாறுவதில்லை. ஓர் எழுத்துக்கு ஒரே இடம். புளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொண்டால், திருத்தும் வேலையில் பாதி குறைந்துவிடுகிறது: அம்புக்குறி உண்டு, முன்னோக்கி அழிக்கும் விசை உண்டு, ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு தேர்வு செய்யலாம். ஆனால் வரப்பில் நின்றுகொண்டு பயிர்ச் சேதம் எழுதும்போது அதை எங்கே வைப்பது? திரையையே ஆறு புள்ளி விசையாக்கி எழுதும் வசதி ஐபோனில் 2014 முதலும், டாக்பேக்கில் 2020 முதலும் இருக்கிறது. பிரெய்லில் விரல் தேர்ந்தவர்களுக்கு எழுதும் வேகம் கூடும். திருத்துவதற்கு அவர்களும் இதே வரப்பில்தான் நடந்தாக வேண்டும்.

நடைமுறையில் எங்களில் பெரும்பாலோர் எழுத்தைத் திருத்துவதில்லை. சொல்லை அழித்துச் சொல்லை எழுதுகிறோம். செய்தி சிறிதானால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி வாயால் சொல்கிறோம். அனுப்பிய பிறகு தெரிந்தால், ‘வெள்ளம் என்று படிக்கவும்’ என்று இன்னொரு செய்தி அனுப்புகிறோம். இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கொம்பைத் தேடி ஏழு நிமிடம் நடப்பதைவிட, ஏழு நொடியில் புதிதாகச் சொல்லிவிடுவது லாபம் என்ற கணக்குத்தான் அது. நீண்ட மனுவில் மட்டும் அந்தக் கணக்கு உதவாது. அங்கே நடந்துதான் ஆக வேண்டும்.

ஊர்ப்பெயர்களுக்கு மட்டும் நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும், இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கம் ஒன்றைத் தட்டினால் அதற்குரிய முழுச்சொல் வருமாறு சேர்த்துவைக்கலாம். பார்வையுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, தந்நகரமா றன்னகரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்த பட்டியல் அது. நன்னிலம், குடவாசல், வலங்கைமான், கொரடாச்சேரி, திருத்துறைப்பூண்டி எல்லாம் இருக்கின்றன. அன்று மனுவை அனுப்பி முடித்ததும், பேத்தி என் கையிலிருந்து போனை வாங்கி, அந்தப் பட்டியலின் கடைசியில் ‘வெள்ளம்’ என்று சேர்த்தாள். பொது ளகரம்தானே என்று கேட்டேன். “ஆமாங்க மாமா, ரெண்டு ளவும்தான்” என்றாள்.